பானைத் தண்ணீரும் நான்கு சென்சாரும்: எட்டாம் வகுப்பில் நான் நடத்தும் விதம்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 28 பிள்ளைகள். பள்ளியில் ஒரே ஒரு லேப்டாப். "சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்து எப்படி டீச்சர் பாடம் எடுக்கிறீர்கள்?" என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சோதனை. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதுதான் கேள்வி. மானாமதுரைப் பானை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது. பாடம் ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் சென்சாரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுங்கள். கீழ்க்கோட்டில் நேரம், பக்கக் கோட்டில் வெப்பநிலை. "காலை 10:30க்குப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறோம், அப்போது 33 டிகிரி. மதியம் 1:30 வரை கோடு எப்படிப் போகும்? வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கும் அதே தாளில் இன்னொரு கோடு. வரைந்ததும் பேர் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. தன் கையால் ஒரு கோடு போட்ட பிள்ளைக்குத்தான் திரையில் வளரும் கோடு தன் விஷயமாகத் தோன்றும். போடாத பிள்ளைக்கு அது டிவி மாதிரி, பார்த்துவிட்டுப் போய்விடும்.

வரைந்த பிறகு காரணம் கேளுங்கள். "மண்ணு குளிர்ச்சி டீச்சர்" என்று பாதி வகுப்பு சொல்லும். "எவர்சில்வர் சூட்டை இழுத்துக்கும்" என்று சிலர். திருத்தாதீர்கள். கரும்பலகையின் ஓரத்தில் அப்படியே எழுதி வையுங்கள், வாரம் முழுக்க அழிக்காமல் இருக்கட்டும்.

இரண்டாம் நாளும் சென்சார் இல்லை. சிவப்புத் திரவம் உள்ள கண்ணாடி வெப்பநிலைமானியால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை கையால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு பீரியடில் நாலைந்து அளவுதான் கிடைக்கும், போதும். ஒரு எண்ணுக்கு எவ்வளவு பாடு என்று கைக்குத் தெரிந்தால்தான், சென்சார் கொட்டுகிற 180 எண்களுக்கு மதிப்பு புரியும்.

இனி வாங்க வேண்டியது. ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று. சென்சாரின் அளவைப் படித்து லேப்டாப்புக்கு அனுப்பும் சின்ன மின்னணுப் பலகை அது. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் நான்கு. எவர்சில்வர் குழாய்க்குள் அடைத்த, தண்ணீரில் போடக்கூடிய வகையாகக் கேட்டு வாங்குங்கள். 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 5 கிலோ தாங்குவது. பானை இரண்டு, ஒரே அளவில், 2 லிட்டர் தண்ணீர் பிடிப்பதாக. எவர்சில்வர் பாத்திரத்தைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள்.

பானை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் வருஷம் பார்க்க அழகாக இருக்கிறதே என்று வெளியே பெயின்ட் அடித்துப் பூப்போட்ட பானையை வாங்கிவந்தேன். மூன்று மணி நேரம் ஆகியும் கோடு அசையவில்லை. பெயின்ட், மண்ணில் இருக்கும் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகிறது. பூச்சு இல்லாத பானையாக வாங்கி, ஊரில் செய்வதுபோல் ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பழக்குங்கள். வெளிப்புறம் லேசாக ஈரம் கசிந்து கறுத்தால் பானை தயார். இரண்டாவது பானையையும் அதேபோல் பழக்கி, வாய் முதல் அடி வரை பாலித்தீன் தாளால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மண் அதே மண்தான், ஆனால் ஈரம் வெளியேற வழி கிடையாது. "மண்ணு குளிர்ச்சி" என்ற பதிலுக்கு இந்தப் பானைதான் பேசப்போகிறது.

வயர் இணைப்பு பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. சென்சாரின் சிவப்பு வயர் போர்டின் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் 2ஆம் எண் பின்னுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அந்த மின்தடை. மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையம் இருக்கும், பிள்ளைகளையே தேடி எடுக்கச் சொல்லுங்கள். நான்கு சென்சாரையும் இதே மூன்று இடங்களில் சேர்த்துச் செருகிவிடலாம், ஒரே மின்தடை போதும். ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் தனக்கென ஒரு 64 பிட் எண் உண்டு, போர்டு அதை வைத்துப் பிரித்துக்கொள்ளும். மலிவான சரக்கில் வயர் நிறம் மாறியிருக்கலாம், கூட வந்த சீட்டைப் பாருங்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தால் சென்சார் கை சுடும் அளவுக்குச் சூடாகும். சூடு தெரிந்த உடனே வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

நிரலை நீங்கள் புதிதாக எழுத வேண்டாம். ஆர்டுயினோ மென்பொருளின் நூலகப் பட்டியலில் 'ஒன்வயர்', 'டல்லஸ் டெம்பரேச்சர்' என்ற இரண்டு தயார் நிரல் தொகுப்புகளையும் நிறுவினால் மாதிரி நிரல்களும் கூடவே வரும். அதில் ஒன்றைத் திறந்து, நான்கு சென்சாரையும் நிமிடத்துக்கு ஒருமுறை காட்டும்படி மாற்றினால் போதும். அந்த ஒரு மாற்றத்தைப் பிள்ளைகள் எதிரிலேயே செய்யுங்கள். எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்று அவர்கள் கேட்பார்கள், மாற்ற விடுங்கள்.

இப்போது எந்த எண் எந்தச் சென்சாருடையது? செருகிய வரிசைக்கும் திரையில் வரும் வரிசைக்கும் சம்பந்தம் இருக்காது, ஏனென்றால் போர்டு அந்த 64 பிட் எண்ணைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது. ஒரு பிள்ளை ஒரு சென்சாரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கட்டும். எந்த எண் ஏறுகிறதோ அதுதான் அது. அந்த வயரில் நிற நூல் கட்டுங்கள். இந்த ஐந்து நிமிடத்துக்கு வகுப்பில் இருக்கும் கூச்சலைத் தடுக்க வேண்டாம். தன் கைச்சூடு திரையில் எண்ணாக ஏறுவதைப் பார்க்கும் பிள்ளைக்குச் சென்சார் என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

அடுத்து, சென்சாரை நம்பலாமா என்ற கேள்வி. நான்கையும் ஒரே சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். நான்கும் ஒரே எண்ணைக் காட்டாது. அரை டிகிரி வரை கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்து, பிறகு கழித்துக்கொள்ளலாம். திரையில் 32.4375 என்று நாலு தசமம் வரும்போது பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். அத்தனை நுணுக்கமாகக் காட்டுவது வேறு, அத்தனை சரியாக இருப்பது வேறு என்பதை இந்தச் சொம்பில்தான் காட்ட முடியும்.

இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்: 85, கழித்தல் 127. திரையில் திடீரென்று 85 வந்தால், சென்சார் இன்னும் அளக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். மின்சாரம் கிடைத்ததும் அதற்குள் இருக்கும் ஆரம்ப எண் அது. கழித்தல் 127 வந்தால் வயர் கழன்றிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் இதைப் பிடித்துக்கொண்டாள். யாராவது பாடத்தைக் கவனிக்காமல் இருந்தால், "டீச்சர், அவன் மைனஸ் 127" என்பாள்.

சோதனை நாள். மூன்று பாத்திரத்திலும் 2 லிட்டர் தண்ணீர், எல்லாம் முந்தின நாளே வாளியில் பிடித்து வகுப்பறையிலேயே வைத்த தண்ணீர். நேராகக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அறையைவிடச் சூடாக வரும், மூன்று கோடுமே இறங்கி எல்லோரையும் குழப்பிவிடும். சென்சாரின் முனை தண்ணீரின் நடு ஆழத்தில், சுவரில் படாமல் தொங்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கசிவின் குளிர்ச்சியைத் தனியாகக் காட்டும். ஒரு தடவை எனக்கு ஒரு டிகிரி வரை வித்தியாசம் வந்தது. நான்காவது சென்சார் காற்றில் தொங்கட்டும், வெயில் படாத இடத்தில். நாங்கள் ஜூலையில் செய்கிறோம், ஆடிக் காற்று வீசும் என்பதால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். ஃபேனும் கூடாது. லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் பானைகளிடமிருந்து தள்ளி வையுங்கள், தண்ணீர் பக்கம் வருவது 5 வோல்ட் மட்டும்தான் என்று இருக்கட்டும். பிறகு, லேப்டாப் தூங்கிப்போகும் அமைப்பை மறக்காமல் நிறுத்துங்கள். ஒரு வருஷம் மறந்துவிட்டேன். பத்தாவது நிமிடத்தில் திரை அணைந்தது, சாப்பாட்டு மணி வரை யாரும் கவனிக்கவில்லை, அன்றைய மூன்று மணி நேரமும் போயிற்று. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வரைபடம் திரையில் வளர்வது பிள்ளைகள் கண்ணில் படும்படி வையுங்கள். 1987இல் ஹெதர் பிராசல் என்ற ஆய்வாளர், நகர்வை அளக்கும் சென்சாரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். கோட்டை உடனுக்குடன் காட்டாமல் சிறிது தாமதித்துக் காட்டினாலே மாணவர்களுக்கு வரைபடம் புரிவது குறைந்தது. என் அனுபவமும் அதுதான். நடப்பதும் கோடும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும். பிறகு பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொரு பாடப்புத்தகப் படம்.

அரை மணிக்கு ஒருமுறை பாலித்தீன் சுற்றாத பானையைத் தராசில் நிறுத்தி எடை எழுதுங்கள். அடியில் தட்டு இருந்தால் தட்டோடு சேர்த்து, சொட்டின தண்ணீர் கணக்கில் குழப்பாது. போன ஜூலையில் எங்களுக்கு வந்த எண்கள்: முதல் அரை மணியில் 5 கிராம் குறைந்தது. அடுத்து 4, 4, 3, 3, 3. மொத்தம் 22 கிராம். பானைத் தண்ணீர் 33லிருந்து 28.8 டிகிரிக்கு இறங்கியது. காற்று 33ஐ ஒட்டியே இருந்தது. எவர்சில்வரும் பாலித்தீன் பானையும் காற்றோடு காற்றாக நின்றுவிட்டன.

பாலித்தீன் பானையின் கோடு படுத்தே கிடப்பதைப் பார்த்ததும் வகுப்பு அமைதியானது. "மண்ணு குளிர்ச்சி" என்று சொன்ன பையன் தானே எழுந்து போய்க் கரும்பலகையில் அதை அடித்தான். பக்கத்தில் "ஈரம் வெளியே போகணும்" என்று எழுதினான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. இனி கணினியில் ஒரு மாதிரி, அதாவது பானையில் நடப்பதைக் கணக்காகப் போட்டுக் காட்டும் மாடல். மாதிரி என்றதும் பெரிய மென்பொருளைத் தேட வேண்டாம், எக்செல் போலக் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஆனால் முதல் மூன்று வரியைக் கையால் போடுங்கள்.

கதை இதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்க்கிறோம். அதில் ஒரு சூடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது, ஒரு சூடு ஆவியோடு வெளியே போகிறது. வருவதைக் கூட்டு, போவதைக் கழி, அடுத்த வெப்பநிலை கிடைக்கும். வீட்டு வரவு செலவு நோட்டு மாதிரிதான்.

செலவை முதலில் கணக்கிடுங்கள். சூட்டை ஜூல் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2400 ஜூல் வேண்டும். 2 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 8400 ஜூல் போக வேண்டும், பானைச் சுவரின் பங்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் அரை மணியில் 5 கிராம் என்றால் பத்து நிமிடத்துக்கு 1.67 கிராம். பெருக்கி வகுத்தால் 0.48 டிகிரி.

வரவுக்கு இன்னொரு சின்ன சோதனை, இன்னொரு நாளில். பாலித்தீன் சுற்றிய பானையில் 23 டிகிரித் தண்ணீர் ஊற்றுங்கள். நாங்கள் எதிரே உள்ள பெட்டிக்கடை ஃபிரிட்ஜிலிருந்து வாங்கிக் கலந்துகொள்கிறோம். ரொம்பச் சில்லென்று ஊற்றினால் உறை மேல் வியர்க்கும், அந்த வியர்வை தன் பங்குக்குச் சூட்டைக் கொண்டுவரும். பானையும் தண்ணீரும் ஒரு நிலைக்கு வரக் கால் மணி நேரம் விட்டு, பிறகு ஏற்றத்தைப் பாருங்கள். காற்றைவிடப் பத்து டிகிரி கீழே இருக்கும்போது பத்து நிமிடத்தில் அரை டிகிரி ஏறியது. அதாவது வித்தியாசத்தில் 0.05 பங்கு. வித்தியாசம் அதிகமானால் வரவும் அதிகமாகும் என்ற இந்த எண்ணத்தைத்தான் நியூட்டன் 1701இல் வெளியிட்டார். பிள்ளைகளிடம் அந்தப் பேரைக் கடைசியில் சொல்லுங்கள், அவர்களே எண்ணைக் கண்டுபிடித்த பிறகு.

இப்போது கை கணக்கு. 33இல் ஆரம்பம், வித்தியாசம் இல்லை, வரவு இல்லை, செலவு 0.48. அடுத்தது 32.52. இப்போது வித்தியாசம் 0.48, வரவு 0.02, செலவு 0.48, எனவே 32.06. அடுத்தது 31.63. மூன்று வரி போட்டதும் "இதையே 18 தடவையா டீச்சர்?" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பு வரும்வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள். பிறகு அதே வாக்கியத்தைச் சூத்திரமாக ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்தால் கணினி செய்துவிடும். அது என்ன செய்கிறது என்பதும் அவர்களுக்கு முழுசாகத் தெரியும்.

சென்சார் கோட்டையும் மாதிரிக் கோட்டையும் ஒரே படத்தில் போடுங்கள். முதல் அரை மணி இரண்டும் ஒட்டிப் போகும். பிறகு மாதிரி கீழே விலகும். மூன்று மணி நேர முடிவில் மாதிரி 27.2 என்கிறது, சென்சார் 28.8 என்கிறது.

தயவுசெய்து இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். "மாதிரி தப்பு" என்று ஒதுக்கவும் வேண்டாம், நீங்களே எண்ணை மாற்றிப் பொருத்திக் காட்டவும் வேண்டாம். இந்த ஒன்றரை டிகிரி இடைவெளிக்காகத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன். "எங்கே பிரிகிறது? நாம் எதை மாறாதது என்று நினைத்தோம்?" இந்த இரண்டு கேள்வி போதும். ஒரு முழு பீரியட் போனாலும் போகட்டும். எங்கள் வகுப்பில் எடை எழுதும் வேலையில் இருந்த பெண்தான் பிடித்தாள். "டீச்சர், நாம 5 கிராம்னே வச்சுக்கிட்டோம். கடைசியில 3 தானே போச்சு?"

தண்ணீர் குளிரக் குளிர ஆவியாவதும் குறைகிறது. கடைசி அரை மணியின் 3 கிராமைப் பத்து நிமிடக் கணக்கில் மாற்றினால் 0.29 டிகிரி. அதாவது நாலு டிகிரி இறங்குவதற்குள் செலவு 0.48லிருந்து 0.29 ஆகிறது. ஒரு டிகிரிக்கு 0.05 குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சூத்திரத்தில் அந்த ஒரு மாற்றத்தைச் செய்தோம். மாதிரிக் கோடு 28.9இல் வந்து நின்றது. கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது.

ஆவியாகும்போது ஏன் சூடு போகிறது என்பதற்குத் துகள் படம் வேண்டுமானால், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெட்லோகோ என்ற இலவச மாதிரி மென்பொருளிலும் செய்யலாம், இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் அவற்றை இதற்கு முன்னால் காட்டாதீர்கள். திரையில் ஆடும் உருண்டைகளைப் பிள்ளைகள் உண்மையான துகள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தாங்களே ஒரு மாதிரி கட்டி, அது விலகுவதைப் பார்த்து, சரிசெய்த பிறகு காட்டினால், "இதை யார் டீச்சர் எழுதினாங்க? எதை விட்டுட்டாங்க?" என்று கேட்கிறார்கள்.

ஆர்டுயினோ கைவரவில்லை என்றால் டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் கருவியைப் பாருங்கள், பள்ளி, கல்லூரிச் சோதனைகளுக்காகச் செய்தது. போனை மட்டும் வைத்துச் செய்ய ஃபைஃபாக்ஸ் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் தருவது. ஒலி, முடுக்கம் போன்ற பாடங்களுக்கு அருமை. தண்ணீரின் வெப்பநிலைக்குப் போன் உதவாது.

ஒரு நாள் சோதனையைத் திரும்பச் செய்யும்போது, சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த கடைசி பெஞ்சுப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு மணிக்கு யாரோ ஃபேன் போட்டிருக்காங்க" என்றான். பார்த்தால் பானையின் கோடு அந்த இடத்தில் மட்டும் சட்டென்று சரிந்திருந்தது. எவர்சில்வர் கோடும் காற்றின் கோடும் அசையவே இல்லை. "காத்து குளிர்ந்திருந்தா மூணும் இறங்கியிருக்கும். ஈரமா இருக்கறது மட்டும் இறங்கியிருக்கு" என்று காரணமும் சொன்னான். வகுப்பு பெருக்க வந்த அக்கா ஐந்து நிமிடம் ஃபேனடியில் உட்கார்ந்திருந்தது பிறகு தெரியவந்தது. மூன்று வருஷமாக அறிவியல் தேர்வில் பாஸ் மார்க் வாங்கத் தடுமாறுகிற பையன் அவன். அன்று வகுப்பே அவனைச் சுற்றி நின்றது.

முடிந்ததும் சென்சார்களைத் துடைத்து, குழாயும் வயரும் சேரும் இடத்தைக் காற்றில் நன்றாக உலரவிட்டு எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் முதல் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்திலேயே சென்சார் கோட்டை வேறு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். மார்க் போடாதீர்கள்.

மழைக்காலத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். நவம்பரில் காற்றே ஈரமாக இருக்கும்போது கோடு எப்படிப் போகும் என்று அக்டோபரிலேயே மாதிரியை ஓட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்தபோது அடைமழை, பானைத் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கவே திணறியது. தராசு அரை மணிக்கு ஒரு கிராம் என்றும் இரண்டு கிராம் என்றும் மாறி மாறிக் காட்டியது. மாதிரியில் எந்த எண்ணைப் போடுவது என்று சண்டை.

"டீச்சர், நகைக்கடைத் தராசு கிடைக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். "அது மூணு கிலோ பானையைத் தாங்காதுடி" என்றான் பக்கத்துப் பையன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சின்னக் கலயத்துல செய்வோம்" என்றாள். கலயத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.